இரவல் மூக்கு

மகளின் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலையில் நாராயணிக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் ஏ.சி.க்கு நேர் கீழே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனமும் கல்கண்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். இரவே தொண்டை கரகரத்தது. காலையில் அண்ணன் அழகியமணவாளன் வீட்டில் காபியை வாங்கி ஒரு வாய் குடித்தபோது சூடு தெரிந்தது, சர்க்கரை தெரிந்தது, காபியைக் காணோம்.

வேறு யாருக்காவது என்றால் ஒரு மாத்திரையோடு போகிற விஷயம். நாராயணிக்குப் பிழைப்பே மூக்கை நம்பித்தான். பெங்களூரில் ஒரு சிறிய பீர் ஆலையில் அவள் தலைமை ப்ரூவர். எந்தத் தானியம், கசப்புக்கு எவ்வளவு ஹாப்ஸ் பூ, எந்த ஈஸ்ட் என்று முடிவு செய்வதிலிருந்து, டேங்கில் கிடப்பதை பாட்டிலில் அடைக்கலாமா கூடாதா என்பது வரை அவள் வாக்குதான்.

இந்த முறை டேங்கில் கிடந்தது, அவள் முதலாளியிடம் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்கிய சரக்கு. பெல்ஜியம் பாணி இந்தியா பேல் ஏல். பேல் ஏலுக்கு உரிய ஹாப்ஸ் கசப்பும் மணமும் அதில் உண்டு. அதோடு பெல்ஜியத்து ஈஸ்ட் கொடுக்கிற கிராம்பு வாசனையும் பழ வாசனையும் சேரும். இரண்டு டேங்க் போட்டிருந்தார்கள். மறுநாள் பாட்டிலில் அடைக்க வேண்டும். அவளுடைய உதவியாளன் சதீஷ் இரண்டு டேங்கிலிருந்தும் சாம்பிள் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கம்பெனி டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். ‘சூப்பரா வந்திருக்கு மேடம்’ என்று செய்தியும் போட்டிருந்தான். ஆனால் தான் மோந்து பார்க்காத எதையும் நாராயணி இதுவரை வெளியே விட்டதில்லை.

அண்ணன் வீட்டு முன்கட்டில் பால்கோவா கடை. பின்கட்டில் பூஜை அறை. நடுவில் எங்கே உட்கார்ந்து பீர் பாட்டிலைத் திறப்பது? அதனால் பெட்டியை ராஜபாளையத்தில் ப்ரஹலாத் வீட்டில் இறக்கச் சொல்லியிருந்தாள்.

ப்ரஹலாத் அவளுக்குக் கணவனாக இருந்தவன். சட்டப்படி பிரிந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து அனுப்புகிற மில் அவனுடையது. அப்பா காலத்து வீட்டில் தனியாக இருக்கிறான். நிச்சயதார்த்த மேடையில் போட்டோவுக்காக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது அவனே கேட்டான்: “சாம்பிள் வருதுன்னு அனு சொன்னா. எங்க வீட்ல எறக்கச் சொல்லேன். அங்க கேக்க ஆளில்ல.”

மகள் அனுக்ரஹா அம்மாவைக் காரில் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டு, “மத்தியானம் வத்திராயிருப்புல விருந்து, ஞாபகம் இருக்குல்லா? டெய்லர் கடைக்குப் போயிட்டு வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வினோத்துக்கு ஊர் வத்திராயிருப்பு.

ப்ரஹலாத் அப்போதுதான் மில்லிலிருந்து வந்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் ஐஸ் பெட்டி இருந்தது. சதீஷ் கண்ணாடிக் கிண்ணங்களைக்கூடத் துணி சுற்றி உள்ளே வைத்திருந்தான்.

“குரல் என்ன இப்பிடி இருக்கு?” என்றான்.

“மூக்கு போச்சு. ஆவி பிடிச்சுப் பார்த்தேன், சொட்டு மருந்து விட்டேன். ஒண்ணும் நடக்கல.”

“பொறவு எப்பிடிப் பாப்ப?”

நாராயணி வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். கசப்பு, இனிப்பு, புளிப்பு, வாயில் அது உட்காருகிற கனம், இதெல்லாம் நாக்கு பார்த்துக்கொள்ளும். ஆனால் பீரில் பாதிக்கு மேல் வாசனை.

“நாக்கு எங்கிட்ட இருக்கு. மூக்கு நீ குடு” என்றாள்.

“நானா?”

“உனக்குத்தான் அந்தப் பாஷை தெரியும்.”

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்தப் பாஷை கெண்ட் நகரத்தில் உண்டானது. நாராயணி அங்கே பீர் காய்ச்சும் படிப்புக்குப் போயிருந்தாள். ப்ரஹலாத் நெசவு இன்ஜினியரிங். பெல்ஜியத்தில் தன் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன் இருப்பது அவளுக்குத் தெரிந்ததே ஒரு டெலிபோன் பூத்தில்தான். நவம்பர் மழை. உள்ளே ஒருவன் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு தன் அம்மாவிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தான். பிறகு மில் ஆள் யாரோ போனை வாங்கியிருக்க வேண்டும். சட்டென்று தமிழுக்கு மாறி, “ஏலே தவசிமுத்து, அங்க மழை உண்டாலே? பிளவக்கல் டேம்ல தண்ணி எம்புட்டு நிக்குது?” என்று கத்தினான்.

வெளியே நனைந்துகொண்டு தன் முறைக்குக் காத்திருந்த நாராயணி கண்ணாடியைத் தட்டினாள். சீக்கிரம் முடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான்.

“பிளவக்கல்ல தண்ணி எம்புட்டுன்னு எனக்கும் சொல்லுங்க” என்றாள்.

ரிசீவர் அவன் தோளிலிருந்து நழுவித் தொங்கியது.

அதற்குப் பிறகு அவளுடைய வீட்டுப்பாடமெல்லாம் இருவரும் சேர்ந்து செய்ததுதான். வாரம் ஒரு பீரை மோந்து, அதில் என்னென்ன வாசனை என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். ஆசிரியர் பேரிக்காய் என்பார், குதிரைப் போர்வை என்பார், ஈர வைக்கோல் என்பார். அவள் தங்கியிருந்த மச்சு அறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, அதையெல்லாம் அவர்கள் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். பேரிக்காய் என்றால் நன்றாகப் பழுத்த நாட்டுக் கொய்யா. குதிரைப் போர்வை என்றால் ரயில்வே ஸ்டேஷன் ஜட்கா. கோடையில் முதல் மழைக்குக் கூமாப்பட்டி வயல்காட்டுப் பாதை என்ன வாசம் வீசுமோ, அதற்கு ‘கூமாப்பட்டி’ என்றே பெயர். மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது. சிரிப்புக்குக் குறைவில்லை. ஜன்னலுக்குக் கீழே கால்வாயில் படகு போகும். சைக்கிள் மணி கேட்கும். இருட்டின பிறகு மாதா கோயில் மணிக்கூண்டில் மணிகள் என்னவோ ஒரு பாட்டு வாசிக்கும். ஊரை நினைத்து ஏங்கியே அந்த இரண்டு வருஷத்தையும் கழித்தார்கள். பின்னாளில் இருவரும் தனித்தனியே ஏங்கியது அந்த மச்சு அறைக்காக.

ஆனால் ப்ரஹலாத்திடம் அவளுக்கு ஒரு குறை அப்போதே உண்டு. எதைக் கேட்டாலும் “நல்லா இருக்கு” என்பான். அந்த அறையில் அவள் முதன்முதலாகக் காய்ச்சிய பீர் புளித்துப் போயிருந்தது. அதை ஒரு குவளை முழுக்கக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றான். அவள் அதை நம்பி வகுப்புக்குக் கொண்டுபோய் அவமானப்பட்டாள். அன்று அது வேடிக்கையாக இருந்தது. கல்யாணமாகி, பெங்களூரில் குடியேறி, அனு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ராஜபாளையம் வந்தவன், மில் மூழ்கிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் போனில் அதையே சொன்னான். எல்லாம் நல்லா இருக்கு. அடுத்த மாசம் வந்துருவேன். தறிகள் நின்றுபோனதும் அம்மா நகை போனதும் அவன் இனித் திரும்பப் போவதில்லை என்பதும் அவளுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தெரிந்தது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அவன் சொல்லுகிற எதையும் நம்ப முடியாமல் போனதுதான் நடந்தது.

அந்த மனுஷனின் மூக்கைத்தான் இப்போது அவள் இரவல் கேட்டிருக்கிறாள்.

முதல் டேங்க் பாட்டிலைத் திறந்து கிண்ணத்தில் சாய்த்து ஊற்றினாள். தேனை வெயிலில் பிடித்த மாதிரி நிறம். லேசான கலங்கல், அது இருக்க வேண்டியதுதான். வெள்ளை நுரை மேலே எழுந்து, அவசரப்படாமல் அடங்கி, கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டியது.

“சுத்திவிட்டு மோந்து பாரு. நான் எதுவும் கேக்கமாட்டேன். நீயா சொல்லு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“மொதல்ல கிச்சிலிப்பழத் தோலு. நகத்தால கீறுனா தெறிக்கும்லா, அது... பொறவு கொய்யா. நம்ம கொய்யா. கிராம்பு இருக்கு, ஆனா தள்ளி நிக்குது. மிளகு. அடியில... பச்சையா ஒண்ணு. புல்லறுத்த மாதிரி.”

“அது ஹாப்ஸ்” என்றாள். அவனிடமிருந்து வாங்கி ஒரு வாய் உறிஞ்சி, நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்கினாள். இனிப்பு முன்னால் வந்து உடனே விலகியது. கசப்பு பின்நாக்கில் நிதானமாக ஏறி நின்றது. ஊறின வெந்தயத்தைக் கடித்த கசப்பு, கோபமில்லாத கசப்பு. கடைசியில் வாய் உலர்ந்து, நெஞ்சில் சின்னதாக ஒரு சூடு. இவன் சொன்ன மணமும் இந்தக் கசப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருபது வருஷமாக அவள் மனசில் காய்ச்சி வைத்திருந்த பீர் அதுதான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு இரண்டாவது டேங்க் பாட்டிலைத் திறந்தாள். அதே நிறம், அதே நுரை. ப்ரஹலாத் மோந்தான். கிண்ணத்தைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்து மோந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அடுத்தது நல்லா இருக்கு என்று வரும்.

“சொல்லு” என்றாள்.

“இது சரியில்ல, நாராயணி.”

அவள் கையிலிருந்த மூடி மேஜையில் உருண்டது. “என்ன சரியில்ல?”

“வெளுத்த துணிய ஒழுங்கா அலசாமச் சுத்திட்டா, ஆஸ்பத்திரில கட்டப் பிரிக்கும்போது ஒரு வாடை வரும். அதுக்காகவே லோடு திரும்பி வந்திருக்கு எனக்கு. அந்த வாடை. கொஞ்சமாத்தான் இருக்கு. ஆனா இருக்கு.”

அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நாக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

“நீ இப்பந்தான் ப்ளீச்சிங்ல இருந்து வந்திருக்க. உன் கையில, சட்டையில இருக்கும்.”

“அப்ப மொதல்ல மோந்ததுல ஏன் வரல?”

அவன் கேட்டது நியாயம்தான். இருந்தாலும், “போய்க் குளிச்சிட்டு வேற சட்டை போட்டுட்டு வா” என்றாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் போனான்.

அவன் வருவதற்குள் நான்கு கிண்ணங்களைக் கழுவித் துடைத்தாள். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, இரண்டு கிண்ணங்களின் அடியில் ஒவ்வொரு பொட்டு ஒட்டினாள். அவற்றில் இரண்டாவது டேங்க். மற்ற இரண்டில் முதல் டேங்க். நுரையும் கலங்கலும் பொட்டை மறைத்தன. இடம் மாற்றி மாற்றி வைத்தாள். எது எது என்று அவளுக்கே குழம்பிய பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

ப்ரஹலாத் சோப்பு வாசனை ஒட்டாமலிருக்கக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து மோந்தான். பள்ளிக்கூடத்தில் பரிசோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி இருந்தது. ஒன்றைக் காட்டினான். செத்த நேரம் யோசித்து இன்னொன்றைக் காட்டினான்.

அவள் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். இரண்டிலும் பொட்டு இருந்தது. அவனை வெளியே அனுப்பி, இடத்தைக் கலைத்து மறுபடி செய்தாள். மறுபடியும் பொட்டு வைத்தவற்றையே காட்டினான்.

நாராயணி உட்கார்ந்துவிட்டாள். காரணம் அவள் பாடமாகப் படித்த விஷயம். கிராம்பு வாசனை கொடுக்கிற அதே ஈஸ்ட், தண்ணீரில் குளோரின் இருந்தால் அந்தக் கிராம்பை ஆஸ்பத்திரியாக மாற்றிவிடும். சாதாரண ஈஸ்ட் என்றால் இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது. போனை ஸ்பீக்கரில் போட்டு சதீஷைக் கூப்பிட்டாள்.

“ரெண்டாவது டேங்க் காய்ச்சின அன்னிக்குத் தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க சதீஷ்?”

“அன்னிக்கு போர் மோட்டார் எரிஞ்சுபோச்சு மேடம். லாரித் தண்ணி வாங்கினோம். கார்பன் ஃபில்டர்ல விட்டுத்தான் எடுத்தேன்.”

“ஃபில்டர் மாத்தினது எப்ப?”

“...மாத்த வேண்டியிருந்துச்சு மேடம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க நிச்சயதார்த்த வேலையா அலைஞ்சிட்டு இருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு... எனக்கு வாசனையே தெரியல மேடம், சத்தியமா. அதான் எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொல்லிட்டேன்.”

மேஜைக்கு அந்தப் பக்கம் ப்ரஹலாத் தலையைக் குனிந்து பொட்டு ஒட்டிய கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தனக்குக் கோபம் வரும் என்றுதான் நாராயணி நினைத்தாள். வரவில்லை. “சில பேர் மூக்குக்கு அது தெரியாது. அது உங்க தப்பில்ல” என்றாள். “ரெண்டாவது டேங்க்க கீழ விட்டிருங்க. முதல் டேங்க்க நாளைக்கு அடைக்கலாம். ஃபில்டர இன்னிக்கே மாத்துங்க. முதலாளிட்ட நான் பேசிக்கிடுதேன். சதீஷ், இனிமே மோட்டார் எரிஞ்சா, நான் எந்த மேடையில நின்னாலும் சொல்லுங்க.”

போனை வைத்தாள். மில் பக்கத்திலிருந்து தறிச் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது.

“சொல்லாம இருந்திருவியோன்னு பயந்தேன்” என்றாள்.

“வாய் வரைக்கும் வந்துச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிருவமேன்னு. உனக்கு எம்புட்டு ஆசை இது மேலன்னு தெரியும்லா.” அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “அந்த ரெண்டு வருஷமும் அப்பிடித்தான் வாய்ல வந்துச்சு.”

அவள் யோசித்துப் பார்த்தாள். “நீ அப்பவே மில்லோட நெலமையச் சொல்லியிருந்தா, நான் எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்திருப்பேனா?”

“வந்திருக்கமாட்ட.”

“மாட்டேன்” என்று அவளும் ஒப்புக்கொண்டாள். “ஆனா உன்னைத் திட்டாமப் பிரிஞ்சிருப்பேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்போடு இருமலும் வந்தது. அவன் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான்.

முதல் டேங்கில் இன்னும் ஒரு பாட்டில் மீதி இருந்தது. அதை மதிப்பிட வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு கிண்ணத்தில் பகிர்ந்து ஊற்றிக்கொண்டு பின்வாசல் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது.

“என்ன வருது இப்ப?” என்றாள் நாராயணி.

“இன்னும் பாஸ் மார்க் போடலியா நீ?”

“அதுக்கில்ல. சும்மா சொல்லு. எனக்குத்தான் ஒண்ணும் வரலியே.”

அவன் மோந்து மோந்து சொன்னான். அவசரமில்லாமல் சொன்னான். சூடு ஏறின பிறகு கிராம்பு முன்னால் வருகிறது என்றான். கிச்சிலி போய் நார்த்தங்காய் மாதிரி ஆகிவிட்டது என்றான். பிறகு, “கெண்ட்ல அந்த வீட்டுக்காரக் கிழவி மாடிப்படிக்குப் பூசுவாளே, தேன்மெழுகு. அது மாதிரி ஒண்ணு” என்றான். நாராயணிக்கு மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் அந்த மரப்படி தெரிந்தது. வளைந்து மேலே ஏறுகிற கைப்பிடி, ஈரக் கோட்டுகள் மாட்டிய ஆணி, அறையில் ஹீட்டரில் காயப்போட்ட அவன் காலுறைகள், அதற்காக அவள் சத்தம் போட்டது எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜலதோஷம் என்று அவன் நினைத்திருக்கலாம்.

“அங்க ஒருக்கா போயிட்டு வரணும்னு நெனச்சிருக்கியா?” என்று கேட்டாள்.

“நெனச்சிருக்கேன். தனியாப் போய் என்ன செய்ய? எதையாவது காட்டி இதப் பாருன்னு சொல்ல ஆள் வேணும்லா.”

இருவரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைக் குடித்தார்கள்.

அனுக்ரஹா வந்து நின்றபோது நேரம் பதினொன்றரைகூட ஆகவில்லை. “ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போகணும். இப்பப் போய் வாயெல்லாம் பீர் மணக்க...”

“வேலை பாத்தோம்” என்றான் ப்ரஹலாத்.

அவள் இருவருக்கும் ஏலக்காய் தேடி எடுத்துக் கொடுத்து, காரில் ஏற்றினாள். கார் வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பியதும் தென்னந்தோப்புக் காற்று ஜன்னல் வழியாக அடித்தது. பின்சீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் ஓரமாக ஏலக்காயை மென்றுகொண்டு போனார்கள்.

வினோத்தின் அம்மா பரிபூரணம் பந்தியில் தானே நின்று பரிமாறினாள். நாராயணியின் இலையில் இரண்டாம் முறை பாகற்காய்ப் பொரியலை வைத்துக்கொண்டே, “உங்க பொண்ணு பெருமையாச் சொல்லுவா, அம்மா பெங்களூர்ல பெரிய வேலைன்னு. என்ன வேலைன்னு நான் இதுவரைக்கும் கேட்டுக்கிடல” என்றாள்.

அனுக்ரஹாவின் கை சோற்றிலேயே நின்றது.

“பீர் காய்ச்சுதேன்” என்றாள் நாராயணி.

வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். பரிபூரணம் கரண்டியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் யோசித்தாள். “அது ரொம்பக் கசக்கும்னு சொல்லுவாகளே, அப்பிடியா?”

“நல்லதுன்னா கசப்பு உறுத்தாது.”

“அப்ப நீங்க கைப்பக்குவக்காரி” என்றாள் பரிபூரணம். “இந்தப் பாகக்கா எப்பிடி? உள்ளதச் சொல்லுங்க.”

நாராயணி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். “கசப்பு சரியா இருக்கு. உப்பு ஒரு கல்லு தூக்கல்.”

“அதத்தான் நான் காலையில இருந்து சொல்லுதேன், யாரு கேக்கா!” என்று பரிபூரணம் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பந்தியே சிரித்தது. எதிர் வரிசையில் ப்ரஹலாத் தன் இலையில் இருந்த பாகற்காயை ஒன்றுவிடாமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.